கசப்பும் கசிப்பும்

போன டிசம்பரில் பெரியம்மாவின் மகன் லண்டனிலிருந்து வந்திருந்தார். கட்டுநாயக்காவிலிருந்து தோட்டத்துக்குப் போகிற வழியில், கட்டுகஸ்தோட்டையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் ஒரு மணித்தியாலம் இறங்கினார். சூட்கேஸைத் திறந்து சொக்லேட், சென்ட் போத்தல், அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை எல்லாம் எடுத்து வைத்தபிறகு, ஒரு ஜீன்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்த இரண்டு நீல டின்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது ஒனக்கு. வீட்டுப் பக்கம் கொண்டு வந்துறாத, சித்தி என்னைய கொன்னுரும்."

பியர். பங்க் ஐபிஏ என்று எழுதியிருந்தது. பிரூடோக் என்கிற ஸ்கொட்லாந்துக் கம்பனி 2007இல் தொடங்கியபோதே போட்ட பியராம். "இண்டியா பேல் ஏல்னு அர்த்தம். கசக்கும். ஆனா அந்தக் கசப்புதான் மேட்டரே" என்றார் அண்ணன். ஒரு டின் ரெண்டு பவுண். என் மண்டை உடனே கணக்குப் போட்டது. கிட்டத்தட்ட 800 ரூபா. 2024இல் கூட்டியபோது தோட்டத்தில் ஒருநாள் சம்பளம் 1,350 ஆனது. இந்தக் கணக்குப் போடும் பழக்கம் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் போகாது என்று நினைக்கிறேன். பீட்சாவைப் பார்த்தாலும் அதைக் கொழுந்து கிலோவில்தான் எனக்குப் பார்க்கத் தெரியும்.

மூன்று வாரம் அந்த டின்களைத் தொடவில்லை. ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் முட்டைக்குப் பக்கத்தில் நீலமாக உட்கார்ந்திருக்கும். மூடிவிடுவேன்.

நான் குடிக்காதவள் என்று சொல்ல வரவில்லை. கெம்பஸ் காலத்தில் பிறந்தநாளுக்கு அரைக் கிளாஸ் லயன் லாகர் குடித்திருக்கிறேன். அது 4.8 வீதம். சோடா மாதிரி, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதெல்லாம் யாரோ வாங்கி வந்தது. நானாக ஒரு தடவை வாங்கப் போன கதை வேறு. 2019இல், கண்டி டவுனில் ஒரு வைன் ஸ்டோர்ஸ். நானும் தோழி ஒருத்தியும் வகுப்புப் பையன் ஒருவனும். வரிசையில் முன்னால் நின்றது நான், காசு என் கையில். கவுண்டரில் இருந்தவர் என் தலைக்கு மேலால் அந்தப் பையனைப் பார்த்து, "மொனவாத மல்லி?" என்று கேட்டார். என்ன வேணும் தம்பி. நான் சொன்னேன், இரண்டு பியர் என்று. அவர் கோபப்படவில்லை, கேலி பண்ணவும் இல்லை. "மிஸ், லேடீஸுக்குக் கொடுக்க ஏலாது, சட்டம்" என்றார். காசை நான் பையனிடம் கொடுத்தேன், பையன் அவரிடம் கொடுத்தான், அவர் பையனிடம் போத்தலைக் கொடுத்தார், பையன் என்னிடம் கொடுத்தான். எல்லாம் அந்த ஒரே கவுண்டரில், ஒரு நிமிஷத்துக்குள்.

அது உண்மையிலேயே சட்டம்தான். 1979இல் வந்த ஒரு மதுவரி அறிவித்தல், தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கக் கூடாது என்கிறது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், சில நாட்களிலேயே, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டார். தடை மறுபடி வந்தது. சில பெண்கள் உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். அந்த வாரம் எங்கள் பக்கத்து லயத்து அக்காக்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நல்லதாப் போச்சு. ஆம்பளைங்க குடிச்சு நாசமாப் போனது பத்தாதா?" நான் உரிமை, சமத்துவம் என்று ஆரம்பித்தேன். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சம்பள நாளில் தோட்டத்துக்குப் பக்கத்தில் புதுசாக பார் திறக்கக் கூடாது என்று ரோட்டில் இறங்குகிற பெண்கள் அவர்கள். அவர்களிடம் போய் 'நமக்கும் வாங்க உரிமை வேண்டும்' என்று சொல்வது எனக்கே வாயில் ஒட்டவில்லை. இன்றுவரை இதில் நான் முழுதாக ஒரு பக்கம் நிற்கவில்லை. சட்டம் தப்பு. அக்காக்கள் சொன்னதும் தப்பில்லை.

சரி, டின்னுக்கு வருவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மழை விட்ட நேரம், முதல் டின்னை உடைத்தேன். கிளாஸ் இல்லை, தேத்தண்ணி கோப்பையில் ஊற்றினேன். நிறம் வெளிறிய சாயம், ஆனால் கொஞ்சம் கலங்கல். நுரை ஒரு விரல் உயரம். மூக்கைக் கிட்டக் கொண்டு போனேன். நான் எதிர்பார்த்தது பியர் வாடை. வந்தது ஜம்போலாப் பழத்தின் தோல். நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அந்தத் தோல். அதற்குப் பின்னால் இன்னொன்று, பிசின் மாதிரி. எங்கேயோ முகர்ந்தது. இரண்டாவது தடவை முகர்ந்தபோது பிடிபட்டது: ஹந்தானை பைன் காடு. கெம்பஸ் நாட்களில் மழைக்குப் பிறகு ஏறினால் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் வாசம்.

வாயில் வைத்தேன். முதல் நொடி இனிப்பு, பாண் ஓரம் மாதிரி. அப்புறம் பழம். விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்தது. நாக்கின் அடியிலிருந்து எழும்பி, தொண்டையை ஒரு பிடி பிடித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எனக்கு முகம் கோணியது. பாட்டி காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு போட்டு அவித்துத் தரும் வெனிவெல் ஞாபகம் வந்தது. சீனி இல்லாமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மடக்கு. அதைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்களா?

டின்னை அப்படியே வைத்துவிட்டு உடுப்பு மடிக்கப் போனேன். பத்து நிமிஷம் கழித்து, வீணாகப் போகிறதே என்று இன்னொரு வாய். குளிர் கொஞ்சம் விட்டிருந்தது. வாசம் இரண்டு மடங்காகியிருந்தது, அன்னாசித் தோல்கூட வந்தது. கசப்பு அதே கசப்புதான். ஆனால் இந்தத் தடவை அது வரும் என்று தெரியும். வருகிற ஒன்றைக் காத்திருந்து வாங்குவதும், வந்து விழுகிற ஒன்றைத் தாங்குவதும் ஒன்றில்லை போல. மூன்றாவது வாய்க்கு நானாகக் கையை நீட்டினேன். அப்போதுதான் பயம் வந்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ?

அந்தப் பயத்தோடு உட்கார முடியாமல் ஃபோனை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். பயம் வந்தால் வாசிப்பது என் பழக்கம்.

கசப்பு வருவது ஹொப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து. தாவரவியலில் அது கஞ்சாவின் குடும்பம், ஆனால் போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பார்லி ஊறல் கொதிக்கும்போது பூவைப் போட்டால் அதிலுள்ள அமிலம் உருமாறிக் கசப்பாகிறது. வாசம் கொதியில் பறந்துவிடும். அதனால் கொதித்து, ஆறி, புளித்த பிறகு இன்னொரு தடவை பூவைப் பச்சையாகப் போட்டு ஊற வைக்கிறார்கள். நான் முகர்ந்த ஜம்போலாவும் பைனும் அந்த இரண்டாவது பூ. கசப்பு வேறு எதற்கு என்றால், பியர் சீக்கிரம் கெடாமல் இருக்க.

அங்கேதான் 'இண்டியா' வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனில் போ என்ற இடத்தில் ஹொட்சன் என்பவரின் பியர் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் நிற்கும் துறைக்குக் கிட்ட. கப்பல் கப்டன்களுக்கு நீண்ட தவணையில் கடன் கொடுத்துப் பீப்பாய்களை ஏற்றிவிட்டார் ஹொட்சன். ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாசக்கணக்கில் வரும் பயணம். ஹொப்ஸ் நிறையப் போட்ட வெளிறிய ஏல் அதில் கெடாமல் வந்தது, ஆடி ஆடி முதிர்ந்து ருசியும் கூடியது. 1820களில் பேர்ட்டன் ஊர் ஆலைகள் போட்டிக்கு வந்தன. இந்தியாவுக்காகவே ஒரு மேதை கண்டுபிடித்த பியர் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது பொய்யாம். ஏற்கெனவே இருந்த பியர்தான், அந்தச் சந்தைக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. கறுப்பு போர்ட்டர் பியரும் அதே கப்பல்களில் நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 'கிழக்கிந்திய பேல் ஏல்' என்ற பெயர் அச்சில் தென்படுவதே 1829இல், அதுவும் சிட்னியில் ஒரு பத்திரிகை விளம்பரத்தில்.

1829ஐ வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் 1820களில்தான் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். அதற்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடை. வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. 1867இல் கண்டிக்கு ரயில் வரும்வரை துரைமார் வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் கடுகண்ணாவை ஏற்றத்தில் மாட்டு வண்டியில் ஏறின. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அங்கிருந்து எங்கள் தோட்டம் தூரமில்லை. இரண்டு வருஷத்தில் கோப்பிக்கு இலை நோய் வந்து கோப்பி செத்தது, தேயிலை நின்றது, நாங்களும் நின்றோம். துரைமார் நுவரெலியாவில் 1881இல் சொந்தமாகவே ஒரு பியர் ஆலை கண்டுகொண்டார்கள். இன்றைய லயன் அதன் பேரப்பிள்ளை. (அந்த ஆலையின் கறுப்பு ஸ்டவுட்டைப் பிற்காலத்தில் மைக்கல் ஜாக்சன் உலகம் முழுக்கப் புகழ்ந்திருக்கிறார். பாடகர் இல்லை, அதே பெயரில் ஒரு பியர் எழுத்தாளர்.)

ஆக பங்களாவில் கசப்பான பியர். லயத்தில்? தவறணைச் சாராயம், கள்ளு, அதுக்கும் வக்கில்லாதபோது கசிப்பு.

ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். கசப்பு, கசிப்பு. சின்ன வயசில் எனக்கு இரண்டும் ஒன்று என்றுதான் நினைப்பு. கசக்கிறதால்தான் கசிப்பு என்று பெயர் வைத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை எழுதியே இருக்கிறேன். டீச்சர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். சீனியும் ஈஸ்ட்டும் கையில் கிடைத்த கண்டதும் போட்டுப் பீப்பாயில் புளிக்க வைப்பது கோடா. அதை ஆற்றோரம், பொலிஸ் வராத பள்ளத்தில் வைத்துக் காய்ச்சி இறக்குவது கசிப்பு. அரைப் போத்தல் எத்தனை ரூபா என்பது எங்கள் வீட்டில் அரிசி விலையைவிட முதலில் தெரிந்த விலை.

அப்பா கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். அவர் வெட்டிய மலை மட்டம் பிடித்த மாதிரி இருக்கும் என்பார்கள். சம்பள நாளில் பெயர் கூப்பிடுவார்கள், அம்மாவின் பெயரையும் கூப்பிடுவார்கள். ஆனால் இரண்டு பேர் காசையும் வாங்குவது அப்பா. அந்தக் காலத்தில் அது ஒரு விஷயமே இல்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். வீட்டுக்கு வரும்போது பாதி இருக்கும். அவர் குடிப்பதை ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கோப்பையைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். மூச்சைப் பிடித்து ஒரே ஊத்து. உடனே உப்புத் தொட்ட மாங்காய்த் துண்டு. ருசி நாக்கில் படக்கூடாது என்பதற்காகவே அத்தனை அவசரமும். நாங்கள் வெனிவெல் குடித்த மாதிரியேதான் அவர் கசிப்புக் குடித்தார்.

அப்பா செத்து ஒன்பது வருஷம். ஈரல்.

அன்று பின்னேரம் முழு டின்னையும் முடிக்க எனக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆனது. ஒவ்வொரு வாய்க்கும் இடையில் எதையாவது எழுதி வைத்தேன்: தோடம்பழ நார், வெட்டிய புல், மிளகு, பழைய பேரீச்சம்பழம். பாதிக்கு மேல் கற்பனையாகவும் இருக்கலாம். ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் ஒரு தடவை தேயிலை ருசி பார்க்கிற முறையைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, துப்பிவிடுவார்களாம். ருசிக்கு அவர்களிடம் தனி அகராதியே இருக்கிறது. முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மா ஒரு தடவைகூட அந்த மேசைக்குக் கிட்டப் போனதில்லை. ஸ்டோரிலிருந்து தோட்டத்து ஆட்களுக்கு வருவது தூள், அதுவும் கடைசித் தரம். அதில் ஊற்றிய சாயத்துக்கு அம்மாவிடம் இரண்டே வார்த்தைதான்: நல்லாருக்கு, நல்லால்ல.

அதனால்தான் அண்ணன் சொன்னதைக் கேட்காமல் இரண்டாவது டின்னைப் பொங்கலுக்கு வீட்டுக்குக் கொண்டு போனேன். துணிகளுக்கு நடுவில் சுற்றி, கலஹா வழியாகப் போகிற பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு. செக்கிங்கில் பிடிபட்ட கசிப்புக்காரி மாதிரி நெஞ்சு அடித்தது. இருபத்தெட்டு வயசு எனக்கு.

பொங்கல் முடிந்து மறுநாள் இரவு, பக்கத்துக் காம்பராக்கள் எல்லாம் அடங்கிய பிறகு, அம்மாவுக்கு முன்னால் எடுத்து வைத்தேன். என்ன என்று கேட்டார். பியர் என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளினார். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அது வராதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீ குடிக்கிறியா?"

"ஒரு தடவ குடிச்சேன். இது ரெண்டாவது. ஒனக்கும் காட்டணும்னு கொண்டாந்தேன்."

"எனக்கு எதுக்குக் காட்டணும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. டின்னை உடைத்து ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றினேன். அம்மா எட்ட இருந்தே முகர்ந்தார். பிறகு கோப்பையைக் கையில் வாங்கி, மறுபடி முகர்ந்தார்.

"இது என்னா, ஸ்டோரு மேமாடி வாசமா இருக்கு. கொழுந்து வாடப் போடுவாங்கல்ல, அந்த வாசம்."

எனக்குச் சிலிர்த்தது. நான் ஜம்போலா, பைன், அன்னாசி என்று இரண்டு பக்கம் எழுதியவள். இது எனக்குத் தோன்றவே இல்லை. நானும் முகர்ந்தேன். இருந்தது. பச்சை இலை ஈரம் இழக்கும்போது வரும் வாசம், அப்படியே.

அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளிக்கவில்லை. "வேப்பங்கொழுந்து" என்றார். "இதுக்கா அம்புட்டுக் காசு?" பிறகு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நானும் ஒருக்கா குடிச்சுப் பாத்திருக்கேன். ஒங்கப்பா குடிச்சத."

"எப்ப?"

"நீ சின்னப் புள்ள. அவரு படுத்திருந்தாரு. போத்தல்ல கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு. ரெண்டு பேரு சம்பளத்தையும் கொண்டு போயி குடுக்குற அளவுக்கு அதுல என்னாதான் இருக்குன்னு பாக்கணும்ல."

"எப்படி இருந்துச்சு?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "நெருப்பு" என்றார். "கசப்புகூட இல்ல. ஒண்ணுமே இல்ல அதுல. நான் என்னமோ இருக்கும்னு நெனச்சேன்."

அதற்குமேல் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அம்மா இன்னொரு சொட்டு எடுத்தார், "இது பரவால்ல" என்று கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். டின்னைப் பிறகு வீசாமல் கழுவித் தரச் சொன்னார், மேல்பக்கத்தை வெட்டினால் ரோசாக் கன்று வைக்கலாமாம். மிச்சத்தை நான் குடித்தேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா குடி" என்றார்.